ஆலவாயில் சொல்லும் பண்ணும்



ஆவணி மூலப் பெருவிழாவில் ஆலவாய்ப் பெருமான் நிகழ்த்திய திருவிளையாடல்கள் நாளுக்கு ஒன்றாக நடந்தேறுவதை ஆண்டுதோறும் கண்டு தொழும் பேறு மதுரை வாழ் மக்களுக்கு வாய்த்திருக்கிறது. அவற்றுள் ஒரு நாள், தருமிக்குப் பொற்கிழி அருளிய திருவிளையாடல். பிட்டுக்கு மண் சுமந்த நாளை அடுத்து வருவது, விறகு விற்ற திருவிளையாடல். இவ்விரண்டு நாட்களையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்த்தல் நலம். தருமியின் பொருட்டு இறைவன் எழுதித் தந்தது ஒரு செய்யுள். அதனைக் குறித்துச் சங்க மண்டபத்தில் எழுந்த வழக்கு முழுவதும் சொல்லையும் பொருளையும் பற்றியது. அச்செய்யுளை எந்தப் பண்ணில் பாட வேண்டும் என்று நக்கீரரும் வினவவில்லை, பாண்டியனும் வினவவில்லை. பாணபத்திரரின் பொருட்டு அதே இறைவன் விறகுக்கட்டைத் தலையில் சுமந்து, வடபுலத்திலிருந்து வந்த ஏமநாதன் தங்கியிருந்த மனையின் திண்ணையில் அமர்ந்து பாடியதோ சாதாரிப் பண். ஏமநாதன் இரவோடிரவாக ஊரை விட்டு ஓடியதற்குக் காரணம் அந்தப் பண்ணின் பெருமையே. அங்கே சொற்குற்றம், பொருட்குற்றம் என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை.

ஒரே ஊர், ஒரே இறைவன், வழக்குகளோ இரண்டு. ஒன்றில் சொல் அரங்கேறியது. மற்றொன்றில் பண் அரங்கேறியது. ஆகவே, "இசையைக் கேட்டு இன்புறுவதற்குப் பண் பெரிதா, பாட்டின் சொல் பெரிதா?" என்று அன்பர்கள் அடிக்கடி எழுப்பும் வினாவுக்கு விடை தேட நாம் வேற்றூர் செல்ல வேண்டுவதில்லை. வையைக் கரையிலேயே தொடங்கலாம்.

சங்க நூல்களுள் மதுரைக்கே சிறப்பாக உரியது பரிபாடல். 70 பாடல்கள் கொண்டிருந்த அந்நூலில் இன்று நமக்குக் கிடைப்பவை 22 பாடல்களும் சில உறுப்புகளுமே. டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவற்றைத் தேடி எடுத்து 1918ஆம் ஆண்டில் பதிப்பித்தார். கிடைத்த 22இல் 8 பாடல்கள் வையையைப் பற்றியவை. 8 பாடல்கள் செவ்வேளைப் பற்றியவை. எஞ்சிய 6 திருமாலைப் பற்றியவை. இந்நூலுக்கு வேறு எந்தச் சங்க நூலுக்கும் இல்லாத சிறப்பு ஒன்று உண்டு. பெரும்பாலான பாடல்களின் இறுதியில், பாட்டை இயற்றிய புலவர் பெயரோடு, அதற்கு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. 12ஆம் பாடலை இயற்றியவர் நல்வழுதியார், இசை வகுத்தவர் நந்நாகனார், பண் பாலையாழ். 14ஆம் பாடலுக்குச் சொல்லும் இசையும் கேசவனார் ஒருவரே, பண் நோதிறம். இக்காலத்துத் திரைப்படப் பாட்டுக்கு ஒருவர் சொல் எழுத, மற்றொருவர் மெட்டு அமைப்பதைப் புதுமை என்று கருதுவார் உளர். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வையைக் கரையில் அவ்வழக்கம் இருந்ததையும், இருவருக்கும் ஒத்த மதிப்பு அளித்துப் பெயர் பொறித்ததையும் இங்கே காண்கிறோம்.

ஆனால் இன்று அப்பாடல்களின் நிலை யாது? நல்வழுதியாரின் சொற்கள் நம் கையில் உள்ளன. பொருள் உணர்ந்து படிக்கிறோம்; புதுப்புனல் ஆடிய மக்களைக் கண்முன் காண்கிறோம். நந்நாகனார் வகுத்த இசையோ ஒரு பெயராக மட்டும் நிற்கிறது. பாலையாழ் என்ற சொல் ஏட்டில் இருக்கிறது. அந்தப் பாட்டை அவர் எங்கே ஏற்றினார், எங்கே இறக்கினார், எங்கே நிறுத்தினார் என்பதை எடுத்துச் சொல்ல எவரும் இல்லை. சொல்லின் இயல்பும் பண்ணின் இயல்பும் இவ்விடத்தில் வேறுபடுகின்றன. சொல்லை ஓலை தாங்கும். பண்ணைத் தாங்குவது மனிதரின் மிடறும் செவியுமே.

இவ்வுண்மையை இளங்கோவடிகளும் மதுரைப் புறஞ்சேரியில் வைத்து நமக்குக் காட்டுகிறார். கோவலன் நகருள் சென்ற பின், ஆயர்பாடியில் குடப்பால் உறையாமை முதலிய தீய குறிகளைக் கண்ட மாதரி, கண்ணகி காணக் குரவைக் கூத்து ஆடச் செய்கிறாள். ஏழு ஆயர் மகளிர் நிற்கின்றனர். அவர்களுக்கு அவள் இடும் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. ஏழு சுரங்களும் ஏழு பெண்களாகி நிற்கின்றன. காப்பிய அழகு கருதிச் செய்த அமைப்பு என்று மட்டும் இதனைக் கொள்ள வேண்டுவதில்லை. சுரத்துக்கு உடம்பு மனிதரே என்ற கருத்தும் இதில் அடங்கியிருக்கிறது. அந்த எழுவர் நிற்கும் வரை இசை நிற்கும். அவர்கள் கலைந்தால் இசையும் கலையும்.

இனி, திருஞானசம்பந்தப் பெருமான் மதுரைக்கு எழுந்தருளிய வரலாற்றுக்கு வருவோம். 7ஆம் நூற்றாண்டில், மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அழைக்க வந்த அப்பெருமான், பாண்டியன் நின்றசீர் நெடுமாறனின் வெப்பு நோயைத் திருநீற்றுப் பதிகம் பாடித் தீர்த்தருளினார். அப்பதிகம் காந்தாரப் பண்ணில் அமைந்தது. நோயுற்றவன் அருகில் அமர்ந்து வாய்விட்டுப் பாடிய பாட்டு அது. அடுத்து நிகழ்ந்தவை அனல் வாதமும் புனல் வாதமும். அவற்றில் தீயில் இடப்பெற்றது திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு. வையையில் விடப்பெற்றது திருப்பாசுரம் எழுதிய ஏடு. தீயில் இட்ட ஏடு வேகாமல் பசுமையோடு இருந்தது. நீரில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்றது. அந்த ஏடு சேர்ந்த இடமே சோழவந்தானுக்கு அருகிலுள்ள திருவேடகம் என்று இன்றும் வழிபடுகிறோம்.

இங்கே அன்பர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நோயாளியின் துன்பத்தைத் தணிக்க வேண்டிய இடத்தில் பதிகம் பண்ணோடு பாடப்பட்டது. தீயையும் வெள்ளத்தையும் கடந்து நிலைக்க வேண்டிய இடத்தில் அதே அருளாளரின் திருவாக்கு எழுத்தாக ஏட்டில் சென்றது. உள்ளத்தைத் தொடும் வேலை பண்ணுடையது; காலத்தை எதிர்த்து நிற்கும் வேலை சொல்லுடையது. இரண்டு வேலைகளையும் ஒரே பெருமான் ஒரே நகரில் செய்து காட்டியதால், ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த நமக்கு உரிமை இல்லை.

சம்பந்தரோடு என்றும் பிரியாமல் இருந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடைய ஊர் திருஎருக்கத்தம்புலியூர். சம்பந்தரைச் சந்திக்கும் முன்பே அவர் ஆலவாய்க்கு வந்து, திருக்கோயிலின் முன் நின்று யாழ் வாசித்ததைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறுகிறார். இறைவன் தொண்டர்களின் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைத்துவரச் செய்தான். பிறகு, தரையின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளரும் என்று, அதனை வைப்பதற்குப் பொற்பலகை இடும்படி பணித்தான். பாடுபவரின் பசியையும் தூக்கத்தையும் பற்றி இறைவன் கவலை கொண்ட வரலாறுகள் பல உண்டு. கருவியின் நரம்பு ஈரத்தால் நெகிழுமே என்று அவன் கவலை கொண்டது நம் ஆலவாயில்தான். இசைக்கு ஆலவாயான் அளித்த மதிப்பு இத்தகையது.

அந்த யாழ்ப்பாணருக்கே பின்னர்த் தருமபுரத்தில் ஒரு சோதனை வந்தது. சம்பந்தரின் பதிகங்கள் சிறப்பதற்கு யாழ்ப்பாணர் அவற்றை யாழில் இட்டு வாசிப்பதே காரணம் என்று அவருடைய சுற்றத்தார் பேசினர். பதிகத்தினும் யாழே பெரிது என்ற கட்சி அது. அச்சொல்லைக் கேட்டு உள்ளம் நடுங்கிய யாழ்ப்பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடி உலகுக்கு உண்மையை உணர்த்தும்படி சம்பந்தரிடம் வேண்டினார். சம்பந்தர் அவ்வாறே பாடினார். யாழ்முரி என வழங்கும் அப்பதிகம் நரம்பில் அடங்கவில்லை. மனம் வருந்திய யாழ்ப்பாணர் யாழை முறிக்க ஓங்கியபோது, சம்பந்தர் அதனைத் தடுத்துத் தம் கையில் வாங்கினார். இறைவன் புகழ் முழுவதும் கருவியில் அடங்குமோ, அடங்கும் அளவுக்கு வாசிப்பதே முறை என்று தேற்றி, யாழை மீண்டும் அவரிடமே தந்தார்.

இவ்வரலாற்றைச் சொல் வென்றது, பண் தோற்றது என்று சுருக்கிக் கூறுவோர் உளர். அது பொருந்தாது. யாழில் அடங்காதது பதிகத்தின் சொல் அன்று. சம்பந்தரின் மிடறு பாடிய பண்ணே ஆகும். தோற்றது கருவியின் எல்லை. பண் தோற்றிருந்தால் சம்பந்தர் யாழை முறிக்க விட்டிருப்பார். அவர் அதைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

அதே நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்லெழுத்தையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். மதுரைக்கு வடகிழக்கே புதுக்கோட்டைச் சீமையில் உள்ள குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், பல்லவக் கிரந்த எழுத்தில் சுரங்கள் வெட்டப்பட்டுள்ளன. ஏழு பிரிவுகளாக, நந்நான்கு சுரங்களைக் கொண்ட தொகுதிகளாக அவை அமைந்திருக்கின்றன. உருத்திராசாரியரின் மாணாக்கனும் சிறந்த சிவநெறியாளனுமாகிய ஓர் அரசன், மாணாக்கர்களின் நன்மைக்காக இதனைச் செய்தான் என்று இறுதியில் உள்ள வடமொழிக் குறிப்பு கூறுகிறது. அங்கே பாட்டின் சொல் ஒன்றுகூட இல்லை. சுரம் மட்டுமே இருக்கிறது. கல்லில் வெட்டியும் அந்த இசை நமக்கு முழுமையாக மீண்டதா? அறிஞர்கள் ஆராய்கின்றனர், ஒருவர் பாடுவது போல் மற்றொருவர் பாடுவதில்லை. பரிபாடலில் சொல் இருக்கிறது, இசை மறைந்தது. குடுமியான்மலையில் இசையின் எழுத்து இருக்கிறது, அதனைப் பாடிக் காட்டும் ஆசிரியர் மறைந்தார். ஓலையைப் போலவே கல்லாலும் பண்ணைக் காக்க இயலவில்லை.

ஆனால் தேவாரப் பண் மறைந்து போகாமல் மீண்டது. அது எவ்வாறு மீண்டது என்பதைத் திருமுறைகண்ட புராணம் விளக்குகிறது. தில்லையில் பூட்டிய அறையில் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து கண்டபோது, பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது. எஞ்சியவற்றைத் தொகுத்து நம்பி திருமுறைகளை வகுத்தார். நாம் இன்று ஓதும் ஏறத்தாழ 800 தேவாரப் பதிகங்கள் அவ்வாறு கிடைத்தவை. ஏடு கிடைத்தது, சொல் கிடைத்தது. அத்தோடு அரசன் மனநிறைவு கொள்ளவில்லை. அவற்றின் பண்முறை தெரியாமல் அவனும் நம்பியும் இறைவனிடம் முறையிட்டனர். எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பண்ணறிவு அருளப்பட்டுள்ளது என்ற திருவருட்குரல் எழுந்தது. அவ்வம்மையாரை அழைத்து வந்து பதிகங்களுக்குப் பண் அடைவு செய்வித்தனர் என்பது புராணம் கூறும் செய்தி.

இதன் பொருளை ஆழ்ந்து எண்ண வேண்டும். சொல் ஓர் அறையில் இருந்தது. பண் ஒரு பெண்ணின் மிடற்றில் இருந்தது. சொல்லைச் செல் அரித்தும் ஒரு பகுதி எஞ்சியது. அந்த மரபில் அம்மையார் ஒருவர் இல்லாதிருந்தால் பண்ணில் ஒரு சிறு பகுதியேனும் எஞ்சியிராது. அவர் கற்றுக் கொடுத்ததன் பயனாகவே, திருமுறைகளை நட்டபாடை முதலாகப் பண்முறையில் அடுக்கும் வழக்கமும் நமக்கு வாய்த்தது. தலங்களின் வரிசையில் அடுக்கும் தலமுறைப் பதிப்புகளும் உண்டு. ஊரையும் பொருளையும் தேடுவார்க்கு அது உதவும். பாடுவார்க்குப் பண்முறை உதவும். இரண்டு அடைவுகளையும் நம் பெரியோர் ஒருங்கே போற்றி வந்தனர்.

முதலாம் இராசராசன் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவன் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சான்று பகரும். திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் ஆக 50 பேரை அவன் நியமித்தான். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்தான். அதனினும் சிறந்தது அவன் செய்த மற்றோர் ஏற்பாடு. பாடுவோரில் எவரேனும் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அவருக்கு அடுத்த உரிமையுடையவர் அவ்விடத்தில் பாட வேண்டும். அவருக்குப் பாடும் தகுதி இல்லையாயின் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும் என்று விதித்தான். நூலை எழுதி வைத்தால் போதும் என்று அவன் கருதியிருந்தால் கல்லில் பதிகங்களையே வெட்டியிருப்பான். அவன் வெட்டியது பாடும் மனிதரின் பெயர்களையும் அவர்தம் நெல்லையும்.

நம் காலத்திலும் இவ்வழக்கு மீண்டும் எழுந்தது. தமிழ்நாட்டு இசையரங்குகளில் தமிழ்ப் பாட்டுகள் அருகி, பிறமொழிப் பாட்டுகளே மிகுந்திருந்த நிலையில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அவர்களின் முயற்சியால் 1941ஆம் ஆண்டு அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அன்று எதிர்த்தவர்கள் கூறிய முதன்மையான காரணம், "இசைக்கு மொழி இல்லை, நாதமே அதன் உயிர், சொல் எதுவாயினும் ஒன்றே" என்பது. ஆதரித்தவர்கள், "பொருள் விளங்காத பாட்டில் உள்ளம் எவ்வாறு உருகும்?" என்று கேட்டனர். இருசாராரும் மெய்யின் ஒவ்வொரு பாதியைப் பற்றிக்கொண்டிருந்தனர். தமிழ் இசைச் சங்கத்தார் சொல்லுக்காக வழக்காடியதோடு நின்றுவிடாமல், 1949ஆம் ஆண்டு முதல் பண் ஆராய்ச்சி மாநாடுகளையும் நடத்தத் தொடங்கியது போற்றத்தக்கது. சொல்லுக்காகத் தொடங்கிய இயக்கம் பண்ணையும் தேடிச் சென்றது. அதுவே நேரான வழி.

நாதமே உயிர் என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. அதற்குச் சைவ உலகம் காட்டும் சான்று ஆனாய நாயனார். அவர் பிறந்த திருமங்கலம் நம் மதுரைக்குத் தெற்கேயுள்ள திருமங்கலம் அன்று. இலால்குடிக்கு அருகில் மேல்மழநாட்டில் உள்ளது. அவர் ஒரு சொல்லும் பாடவில்லை, குழல் ஊதினார். பசுக்கள் புல் மேய்தலை மறந்தன; பாம்பும் மயிலும் பகை மறந்தன. அவ்வுயிர்களுக்குச் சொல் தெரியாது. எனினும் அவர் குழலில் அமைத்தது திருவைந்தெழுத்து என்று சேக்கிழார் கூறுகிறார். கேட்ட உயிர்களுக்கு நாதம் போதுமாயிருந்தது. ஊதியவருக்கோ எழுத்து இன்றியமையாததாயிருந்தது.

ஆடி வீதியில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரம் கேட்கும் அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர். மதுரை பொன்னுச்சாமிப் பிள்ளை போன்ற பெரும் வித்துவான்கள் விளங்கிய வீதிகள் இவை. நாகசுரம் சொல்லைச் சொல்வதில்லை. ஆயினும் பதிகத்தை மனப்பாடமாக அறிந்தவர் செவியில் அந்தச் சீவாளியிலிருந்து ஒவ்வொரு சொல்லும் தெளிவாக எழுகிறது. அறியாதவருக்கு அது இனிய ஓசை. அறிந்தவருக்கு அவ்வோசையே வழிபாடு. எனவே இன்பம் பண்ணில் தொடங்குகிறது. சொல்லறிவால் அது வளர்ந்து பக்தியாக முதிர்கிறது. கேட்கும் முறையில் பண் முந்தியது. கேட்டபின் நெஞ்சில் தங்குவதில் சொல் முந்தியது. இதுவே நாம் காணும் விடை.

ஆயினும் அன்பர்களே, இவ்விரண்டினுள் இன்று இடரில் இருப்பது எது என்ற வினாவும் உண்டு. தேவாரத்தின் சொல்லுக்கு இனி அழிவில்லை. அச்சேறிய நூல்கள் எண்ணற்றவை, கைப்பேசியிலும் ஏறிவிட்டது. பண்ணின் நிலை அவ்வாறில்லை. பல கோயில்களில் ஓதுவார் நின்று பாடிய இடத்தில் ஒலிபெருக்கி பாடுகிறது. கூட்டு வழிபாடுகளில் எந்தப் பண்ணுக்குரிய பதிகமாயினும் ஒரே ஓசையில் ஒப்பிக்கப்படுகிறது. சில வேளை திரைப்பட மெட்டிலும் ஏற்றப்படுகிறது. தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்களைப் போன்றோர் தம் குரலை ஒலிப்பதிவாக விட்டுச் சென்றது பெரும் பேறே. ஆனால் ஒலிப்பதிவு பாடிக் காட்டும். மாணாக்கன் பிழைபடப் பாடினால் நிறுத்தித் திருத்தாது. திருத்துவதற்கு ஆசிரியர் வேண்டும். இல்லையேல் காந்தாரமும் சாதாரியும் நந்நாகனாரின் பாலையாழைப் போல நூலின் ஓரத்தில் அச்சிட்ட பெயர்களாகிவிடும்.

ஆதலின், பண் பெரிதா சொல் பெரிதா என்று வாதிடும் அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு பதிகத்தையேனும் பொருள் உணர்ந்து, அதற்குரிய பண்ணில், ஓதுவார் ஒருவரிடம் நேரில் அமர்ந்து கற்றுக்கொள்வாராக. திருநீற்றுப் பதிகத்தைக் காந்தாரத்தில் கற்பது மதுரை மக்களுக்குத் தகுந்த தொடக்கம். கற்றதை வீட்டில் ஒரு குழந்தைக்கேனும் சொல்லிக் கொடுப்பாராக. உங்கள் ஊர்க் கோயிலில் ஓதுவார் பாடும்போது பிராகாரம் சுற்றும் அவசரத்தை விட்டு அவர்முன் சிறிது நேரம் நில்லுங்கள். அவர் பசியின்றி வாழ வழி செய்யுங்கள். யாழ் ஈரத்தில் நெகிழாதிருக்கப் பலகை இட்ட ஆலவாயான் பண்ணைக் காப்பதற்கு நமக்குக் காட்டிய வழி இதுவே.

திருச்சிற்றம்பலம்.